கர்ப்பகாலத் தடுப்பூசி: யார் சொல்வதைக் கேட்பது?

கேள்வி: எனக்கு ஐந்தாம் மாதம். கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசி போட வரச் சொல்கிறார். ஊரில் பல பிரசவம் பார்த்த எங்கள் அப்பத்தாவோ, "அந்தக் காலத்தில் ஊசி போட்டா பெத்தோம்?" என்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள், தாயி. அப்பத்தாவின் கைராசியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் காலத்தில், சுத்தமில்லாத கத்தியால் தொப்புள்கொடியை அறுத்ததால் ரணஜன்னி வந்து, பிறந்த சில நாட்களிலேயே எத்தனையோ பிள்ளைகள் இறந்தன. சுகாதாரமான பிரசவமும் தடுப்பூசியும் சேர்ந்துதான் அதை மாற்றின. தாய்-சேய் ரணஜன்னியை ஒழித்த நாடாக இந்தியா 2015-ல் அறிவிக்கப்பட்டது.

உங்களுக்குப் போடப்போவது டிடி ஊசி. ரணஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டையும் தடுக்கும். 4 வார இடைவெளியில் 2 தவணை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். உங்கள் உடலில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போய்ச் சேரும். கை வலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். முன்பு ஏதாவது ஊசியால் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளைக் கர்ப்பத்தில் போடுவதில்லை. செவிலியருக்கும் அது தெரியும்.

அந்தச் செவிலியரும் பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர்தான். அடுத்த முறை அவர் வீட்டுக்கு வரும்போது அப்பத்தாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள்.