தற்காப்புக்குக் கைத்துப்பாக்கியா? வாங்கும் முன்...

• முதலில் உரிமம். 21 வயது நிரம்பியவர்கள் மாவட்டங்களில் கலெக்டரிடமும், மாநகரங்களில் போலீஸ் கமிஷனரிடமும் விண்ணப்பிக்கலாம். 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

• 9 எம்.எம். பிஸ்டல் சாதாரண உரிமத்தில் கிடைக்காது. .32 ரக ரிவால்வர், பிஸ்டல் வாங்கலாம்.

• புதியவர்களுக்கு ரிவால்வர் எளிது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டாலும், விசையை மறுபடி இழுத்தால் உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும்.

• பிடி கைக்கு அடங்குகிறதா, விசையை இழுக்கும்போது குழல் முனை ஆடாமல் இருக்கிறதா என்று தோட்டா இல்லாமல் சோதியுங்கள். எடை குறைந்தால் உதைப்பு கூடும்.

• ரைபிள் கிளப்பில் பயிற்சி எடுங்கள்.

• வீட்டில் துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியே பூட்டி வையுங்கள். சாவி பிள்ளைகள் கையில் சிக்கக் கூடாது.

• தேர்தல் சமயத்தில் ஒப்படைக்கச் சொன்னால், காவல் நிலையத்தில் ரசீது வாங்க மறக்காதீர்கள்.