பகிர்வதற்கு முன் இழுத்துப் பாருங்கள்

இந்தச் செய்தி உங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் ஒரு முறையாவது வந்திருக்கும். போதையனார் என்பவர் பெயரில் ஒரு சின்னப் பாட்டு. அதன் கீழே, பித்தாகரசுக்கு முன்பே தமிழன் இதைக் கண்டுபிடித்துவிட்டான், அதுவும் வர்க்கமூலமே இல்லாமல் என்று விளக்கம். கடைசியில் தமிழனாக இருந்தால் பகிரச் சொல்லி ஒரு வேண்டுகோள்.

பாட்டு சொல்லும் முறை இதுதான். செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்தை ஒட்டிய இரண்டு பக்கங்களில் நீளமானதை எட்டுக் கூறாகப் போடு. ஒரு கூறைத் தள்ளிவிடு. மீதியோடு குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர். கர்ணம் கிடைத்துவிடும். 3, 4 போட்டுப் பாருங்கள். நாலில் எட்டில் ஒன்று அரை, தள்ளினால் மூன்றரை. மூன்றில் பாதி ஒன்றரை. கூட்டினால் 5. அட, சரியா வருதே!

ஸ்கூடாயில் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நடத்தும் வகுப்பில் படிவம் 1 தம்பி ஒருவன் இதைக் காட்டிக் கேட்டான்: "அண்ணா, இது சரின்னா ஸ்கூல்ல ஏன் சொல்லித்தர மாட்டேங்கிறாங்க? பரீட்சையில போட்டா மார்க் கிடைக்குமா?" ரொம்ப நியாயமான கேள்வி. படிவம் 1 கணிதப் புத்தகத்தில் பித்தாகரஸ் தேற்றம் 13ஆம் பாடம், கடைசிப் பாடம். ஆண்டுக் கடைசியில் அவசர அவசரமாக ஓடிவிடும். அவனுக்கு "சரி" என்றோ "தப்பு" என்றோ வாயால் பதில் சொல்வதில் பயன் இல்லை. நான் சொன்னால் அதுவும் இன்னொரு வாட்ஸ்அப் செய்திதான். அவனே சோதித்துப் பார்க்க ஒரு வழி வேண்டும். அதற்குத்தான் ஜியோஜீப்ரா.

ஜியோஜீப்ராவை 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வுக்காக உருவாக்கியவர் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர். அதற்கு முன்பே 1991-இல் அமெரிக்காவில் நிக்கோலஸ் ஜாக்கிவ் உருவாக்கிய ஜியோமீட்டர்ஸ் ஸ்கெட்ச்பேட் வந்துவிட்டது. நம் கல்வி அமைச்சு அதற்கு உரிமம் வாங்கிப் பள்ளிகளுக்குக் கொடுத்த காலமும் உண்டு. ஜியோஜீப்ராவுக்கு நம்மைப் போன்றவர்கள் காசு கட்டத் தேவையில்லை. கைப்பேசியிலும் ஓடும், ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். தமிழ்ப்பள்ளியில் "செங்கோண முக்கோணம்" என்று படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் திடீரென்று "செகி தீகா பெர்சூடுட் தெகாக்" என்று கேட்டு விழிக்கும் பிள்ளைக்கு, திரையில் நகரும் படம் எந்த மொழியும் கேட்பதில்லை. இதை நான் பெரிய வசதியாகவே நினைக்கிறேன்.

முதலில் ஒரு முக்கோணத்தைக் கண் மதிப்பில் வரையச் சொல்லுங்கள். பார்ப்பதற்குச் செங்கோணம் போலவே இருக்கும். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் போச்சு, கோணம் 90 பாகையிலிருந்து எங்கேயோ போய்விடும். இப்போது அதை அழித்துவிட்டு முறையாகக் கட்டுங்கள். ஒரு கோடு போட்டு, செங்குத்துக் கோட்டுக் கருவியால் அதன்மேல் இன்னொரு கோடு போட்டு, அந்த இரண்டு கோடுகளின் மேலேயே முக்கோணத்தின் முனைகளை வையுங்கள். இனி எப்படி இழுத்தாலும் முக்கோணம் பெரிதாகும், சிறிதாகும், ஆனால் செங்கோணம் மாறாது. வெறுமனே வரைந்ததற்கும் விதிப்படி கட்டியதற்கும் உள்ள வித்தியாசம் இழுக்கும்போதுதான் தெரியும். கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் இதைக் காட்டவே முடியாது.

அடுத்து மூன்று பக்கத்திலும் சதுரம். ஒழுங்குப் பலகோணக் கருவியை எடுத்து, இரண்டு முனைகளைத் தொட்டு 4 என்று கொடுத்தால் சதுரம் வந்துவிடும். சதுரம் முக்கோணத்துக்கு உள்ளே விழுந்தால் பயப்பட வேண்டாம், முனைகளை மாற்றி வரிசையில் தொடுங்கள், வெளியே போய்விடும். மூன்று பரப்பளவையும் காட்டச் சொல்லி இழுங்கள். சின்னச் சதுரங்கள் இரண்டையும் கூட்டினால் எப்போதும் பெரியது. இழுப்பதற்கு முன் "என்ன ஆகும்?" என்று பிள்ளைகளைச் சொல்ல வைப்பது முக்கியம். கேட்காமல் இழுத்தால் அவர்களுக்கு அது கார்ட்டூன் மாதிரிதான்.

இப்போது நம் வாட்ஸ்அப் பாட்டுக்கு வருவோம். நீளமான பக்கத்தை 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டைப் பக்கம் எக்ஸ். உண்மையான கர்ணம், எக்ஸின் வர்க்கத்தோடு 144-ஐக் கூட்டி எடுக்கும் வர்க்கமூலம். பாட்டின் கர்ணம், 12-இல் எட்டில் ஒரு பங்கு போக 10.5, அதோடு எக்ஸில் பாதி. இரண்டையும் ஜியோஜீப்ராவில் வரைபடமாகப் போடுங்கள். முதலாவது வளைகோடு. இரண்டாவது நேர்கோடு. சாதாரண அளவில் பார்த்தால் நடுவில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கோடு போலத் தெரியும். எங்கள் வகுப்பில் எல்லாரும் ஒரே குரலில் "சேம்" என்றார்கள். பெரிதாக்கச் சொன்னோம். மெதுவாக இடைவெளி தெரிய ஆரம்பித்தது.

நேர்கோடு வளைகோட்டை இரண்டே இடத்தில்தான் வெட்டுகிறது. எக்ஸ் 5 ஆக இருக்கும்போது கர்ணம் 13. எக்ஸ் 9 ஆக இருக்கும்போது கர்ணம் 15. அவ்வளவுதான். 5, 12, 13 ஒன்று. 9, 12, 15 என்பது நம் 3, 4, 5 முக்கோணத்தின் மூன்று மடங்கு. அதாவது உலகத்தில் உள்ள அத்தனை செங்கோண முக்கோணங்களிலும் இரண்டே இரண்டு வடிவத்துக்குத்தான் இந்தப் பாட்டு துல்லியம். அந்த இரண்டும் பயிற்சிப் புத்தகத்தில் அதிகமாக வருகிற முக்கோணங்கள்! அதனால்தான் சோதித்துப் பார்த்தேன் என்று சொல்கிறவர்களுக்கும் சரியாக வருகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. எடுத்துக்காட்டு அவர்களை ஏமாற்றிவிட்டது.

வெட்டும் இடங்களுக்கு நடுவில் எக்ஸ் 7 என்றால் பாட்டு 14 என்கிறது, உண்மை 13.89. பரவாயில்லை. எக்ஸ் 12 என்றால் பாட்டு 16.5, உண்மை 16.97. கொஞ்சம் இடிக்கிறது. இப்போது புள்ளியை இடப்பக்கம் இழுத்து எக்ஸை 1 ஆக்குங்கள். பாட்டு 11 என்கிறது. கர்ணம் 12-ஐ விடச் சின்னது! செங்கோண முக்கோணத்தில் கர்ணம்தானே மிக நீளம்? இதற்குக் கணக்கே தேவையில்லை, பார்த்தவுடனே தப்பு என்று தெரியும். கேள்வி கேட்ட தம்பி, எக்ஸ் 3-க்குக் கீழே போனால் எப்போதுமே இப்படித்தான் ஆகும் என்று தானே கண்டுபிடித்துச் சொன்னான். சரிதான். குட்டைப் பக்கம் நீளப் பக்கத்தில் கால் பங்குக்குக் கீழே போனால் பாட்டு கவிழ்ந்துவிடும்.

அப்படியானால் பாட்டு குப்பையா? அப்படிச் சொல்ல மாட்டேன். பொறியியல் படிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது பிடித்திருக்கிறது. கால் பங்கிலிருந்து சமம் வரை பிழை ஏறக்குறைய 3 சதவிகிதத்தைத் தாண்டாது. அந்த இரண்டு வெட்டுப் புள்ளிகளுக்கு நடுவில் ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு. கயிற்றை மூன்று முறை பாதியாக மடித்தால் எட்டில் ஒன்று கிடைக்கும், குட்டைக் கயிற்றை ஒரு முறை மடித்தால் பாதி. கால்குலேட்டர் இல்லாமல் கூரைச் சட்டத்துக்கு மரம் அறுக்கிறவருக்கு இது அருமையான கைக்கணக்கு. ஆனால் கைக்கணக்கு வேறு, தேற்றம் வேறு. பரீட்சையில் போட்டால் 3, 4-க்கு விடை வரும், 8, 15-க்கு 17.125 வரும். விடை 17. மார்க் போய்விடும்.

பெருமை வேண்டுமா? அதற்கு இதைவிட உறுதியான இடம் இருக்கிறது. சமஸ்கிருதத்தில் வேள்விமேடை கட்டும் அளவுகளைச் சொல்லும் போதாயன சுல்ப சூத்திரம். (பெயர் ஒலி ஒன்றுபோல இருப்பதால் போதாயனரையும் போதையனாரையும் ஒருவராக்கும் செய்திகளும் சுற்றுகின்றன. இரண்டு விதியும் வேறு வேறு.) கி.மு. 800-க்கும் 500-க்கும் இடைப்பட்டது என்று ஆய்வாளர்கள் கணிக்கும் அந்த நூலில், செவ்வகத்தின் மூலைவிட்டம் உண்டாக்கும் பரப்பு, இரு பக்கங்களும் தனித்தனியே உண்டாக்கும் பரப்புகளின் கூட்டுத்தொகை என்று பொதுவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. நம் திரையில் இருக்கும் மூன்று சதுரங்கள் அதுதான். உடனே ஆறு செவ்வகங்களைப் பட்டியல் போடுகிறது: 3, 4, 12, 5, 15, 8, 7, 24, 12, 35, 15, 36. இந்த ஆறையும் வாட்ஸ்அப் பாட்டில் போட்டுப் பார்த்தோம். மூன்றுதான் தேறியது. 3, 4-ம் 12, 5-ம் தெரிந்ததே. 15, 36 தேறியது ஏன் என்று கேட்டால், அது 5, 12-இன் மூன்று மடங்கு. மற்ற மூன்றில் 7, 24-க்கு 25 வர வேண்டிய இடத்தில் 24.5 வருகிறது.

நேர்மையாக இதையும் சொல்லிவிட வேண்டும். பாபிலோனியரின் களிமண் பலகை ஒன்று, பிளிம்டன் 322 என்று பெயர், கி.மு. 1800 வாக்கில் எழுதப்பட்டது. இப்போது நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதிலும் இப்படிப்பட்ட முக்கோணங்களின் எண்கள் இருக்கின்றன. யார் முதல் என்று சண்டை போட்டால் நம் பிள்ளைகள் கூகுளில் தேடி நம்மையே மடக்கிவிடுவார்கள்.

சுல்ப சூத்திரத்தில் இன்னொரு விஷயம் ஜியோஜீப்ராவுக்கு நல்ல தீனி. 2-இன் வர்க்கமூலத்துக்கு அது தரும் அளவு: 1 கூட்டல் மூன்றில் ஒன்று, கூட்டல் அதன் நாலில் ஒன்று, கழித்தல் அந்த நாலில் ஒன்றின் 34-இல் ஒன்று. இது 577/408. இதையும் √2-ஐயும் அடித்துப் பார்த்தால் இரண்டுமே 1.41. "அப்போ துல்லியம்தானே அண்ணா?" என்பார்கள். மென்பொருள் வழக்கமாக இரண்டு தசம இடம்தான் காட்டும், மீதியை மறைத்துவிடும். அமைப்புகளில் தசம இடத்தை ஐந்தாக்குங்கள்: 1.41422, 1.41421. கயிறு வைத்து அளந்தவர்கள் அவ்வளவு நெருங்கியிருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது, இரண்டும் ஒன்றல்ல என்பதும் தெரிகிறது. திரையில் ஒன்றாகத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இதே காரணத்தால் ஆயிரம் முறை இழுத்துப் பார்த்தாலும் அது நிரூபணம் ஆகாது. தப்பைக் காட்ட ஒரு இழுப்பு போதும், சரியை நிறுவ இழுப்பு போதாது. பித்தாகரசுக்கு நிரூபணம் வேண்டுமென்றால், ஒரே அளவுள்ள நான்கு செங்கோண முக்கோணங்களை ஒரு பெரிய சதுரத்துக்குள் இரண்டு விதமாக அடுக்குங்கள். ஒரு விதத்தில் மீதி இடம் கர்ணத்தின் சதுரம். இன்னொரு விதத்தில் மீதி இடம் இரண்டு சின்னச் சதுரங்கள். அடைத்த இடம் ஒன்றே என்பதால் மீதியும் ஒன்றே. இதை நான் திரையில் காட்டுவதில்லை. மணிலா அட்டையை வெட்டிக் கையில் கொடுத்துவிடுவேன். எல்லாவற்றுக்கும் கணினி வேண்டியதில்லை.

உங்கள் கிளையில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு மடிக்கணினியும் ஒரு படவீழ்த்தியும் போதும். மௌஸைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் தள்ளி நில்லுங்கள். முதல் வேலையாக இதைக் கொடுக்கலாம். சதுரத்தை அதே பரப்புள்ள வட்டமாக்க சுல்ப சூத்திரம் ஒரு வழி சொல்கிறது. பக்கம் 2 உள்ள சதுரம் வரையுங்கள். மையத்திலிருந்து மூலைக்கு 1.414, பக்கத்தின் நடுவுக்கு 1. மிஞ்சும் 0.414-இல் மூன்றில் ஒரு பங்கை 1-உடன் சேர்த்தால் வட்டத்தின் ஆரம், 1.138. வட்டத்தை வரைந்து பரப்பளவைக் காட்டச் சொல்லுங்கள். சதுரம் 4, வட்டம் 4.07. அந்த மிச்சம் 0.07 எங்கே ஒளிந்திருக்கிறது என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள்.