கை நல்லாத்தானே இருக்கு?

இருபது வருஷமாக அச்சகத்தில் டிடிபி வேலை. ஒருநாள் காலையில் இட்லி மாவுப் பாத்திரத்தைத் தூக்கினேன். வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், சுரீரென்று இழுத்தது. பாத்திரம் கைநழுவிவிட்டது. கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடி, சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னார் டாக்டர். உயிரே போய்விட்டது. டென்டோனிடிஸ் வகைதான், தசைநாண் உறையில் அழற்சி என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு ஸ்பேஸ் பாரைத் தட்டுவது அந்தக் கட்டைவிரல்தான்.

எட்டு மாதமாகியும் தீரவில்லை. ‘கை நல்லாத்தானே இருக்கு?’ என்றார்கள் அச்சகத்தில். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாதுதான்.

இது ஊனத்தில் சேருமா என்று சட்டத்தைப் புரட்டினேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள 21 வகைகளில் இந்தப் பெயர் இல்லை. வேலையில் இடஒதுக்கீடு கேட்க 40 சதவீதக் குறைபாடு வேண்டும். எனக்கு அது வராது. ஆனால் மாற்றுத்திறனாளி யார் என்று சொல்லும் இடத்தில் சதவீதமே இல்லை. நீண்டகாலக் குறைபாடு, சூழலின் தடைகளோடு சேர்ந்து, ஒருவரை மற்றவர்களுக்குச் சமமாக இயங்கவிடாமல் செய்கிறதா என்றுதான் கேட்கிறது. சில வாரத்தில் ஆறிவிடும் வலி இதில் வராது. வருஷக்கணக்கில் நீடித்தால் வாதாட இடமுண்டு என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் டொயோட்டா ஆலையில் வேலை செய்து, மணிக்கட்டு நரம்பும் தசைநாணும் பாதிக்கப்பட்ட எலா வில்லியம்ஸ், இதுவும் ஊனம்தான் என்று வாதாடி நீதிமன்றம் போனார். பல் துலக்கவும் வீட்டு வேலை செய்யவும் முடிகிறதே என்று பார்த்த உச்சநீதிமன்றம், 2002இல் கீழ்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொன்னதை ரத்து செய்தது. அந்த அளவுகோல் கொடுமையானது. 2008இல் அங்கே சட்டத்தைத் திருத்தி அதைக் கைவிட்டார்கள்.

இதைப் படித்த பிறகுதான் ஒரு நோட்டுப் போட்டேன். எத்தனை நிமிஷம் அடித்தால் வலி வருகிறது, இரவில் எத்தனை முறை விழிக்கிறேன், பாட்டில் மூடி திறக்க முடிந்ததா என்று தினமும் எழுதினேன். டாக்டரிடம் காட்டி, நோயின் பெயரோடு, ‘தொடர்ந்து அரை மணிக்கு மேல் தட்டச்சு கூடாது’ என்றும் கடிதத்தில் எழுதி வாங்கினேன். உங்களுக்கும் இப்படியென்றால் அந்த வரியைக் கேட்டு வாங்குங்கள். பெயரை மட்டும் பார்த்தால் முதலாளிக்கு என்ன செய்வதென்று தெரியாது. எனக்குப் பாதி நாள் புரூஃப் பார்க்கும் வேலை கிடைத்தது. ஸ்பேஸ் பாருக்கு இடது கட்டைவிரலைப் பழக்கினேன்.

ஈரத்துணி பிழிவது இன்னமும் வீட்டுக்காரர்தான்.