தையல் தெரியாத அலை

அன்புள்ள தம்பிக்கு,

மாமல்லபுரம் கரையில் நீ எடுத்த பத்து நொடி லூப் படத்தை ஏழெட்டு முறை ஓடவிட்டுப் பார்த்தேன். அலை ஏறி இறங்கும் அழகில் மனம் லயிக்கும் நேரத்தில், சுற்று முடிந்ததும் நுரை சட்டென்று இடம் மாறிக் குதிக்கிறது. அப்புறம் கடல் போய், நீ வெட்டிய இடம்தான் கண்ணில் நிற்கிறது.

இதற்கு எடிட்டிங்கில் எளிய வழி உண்டு. படத்தை நடுவில் வெட்டி, பின்பாதியை முன்னாலும் முன்பாதியைப் பின்னாலும் வை. இப்போது முதல் பிரேமும் கடைசி பிரேமும் நீ எடுத்தபோது அடுத்தடுத்து இருந்தவை. அதனால் சுற்றித் திரும்பும்போது குதிக்காது. குதிப்பு நடுவுக்கு வந்திருக்கும். அங்கே ஒரு நொடிக்கு இரண்டு பாதியையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கரைத்துவிடு. பத்து நொடிப் படம் ஒன்பது நொடியாகும், தையல் தெரியாது. போன் மட்டும் அசையாமல் இருந்திருக்க வேண்டும்.

சிற்பக்கூடத்தில் நீ எடுத்த உளிப் படத்துக்கு இந்த வித்தை பலிக்காது; கரைத்தால் ஒரு கைக்கு இரண்டு கை தெரியும். சுத்தி உச்சியில் ஒரே மாதிரி நிற்கும் இரண்டு பிரேம்களைத் தேடி, அந்த இடங்களில் வெட்டு.

‘படத்தை இணையத்தில் இலவசமாகப் போட்டால் மதிப்பு போய்விடாதா அக்கா?’ என்று கேட்டிருந்தாய். 1894-ல் எடிசனின் கைனடாஸ்கோப் பெட்டிக்குள் பிலிம் சுருள் உன் லூப் போலத்தான் சுற்றிச் சுற்றி ஓடியது. காசு கொடுத்தவர் துளையில் கண் வைத்துத் தனியாகப் பார்த்தார். நம் ஊர் அர்ச்சுனன் தபசுச் சிற்பமோ டிக்கெட் இல்லாமல் தெருவோரத்திலேயே நிற்கிறது. கைதூக்கித் தவம் செய்யும் பூனையையும் அதன் காலடி எலிகளையும் பல்லவர் காலத்திலிருந்து போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்கிறார்கள். மதிப்பு எங்கே குறைந்தது? ஆனால் இன்னாரின் தவம் என்று அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. அர்ச்சுனனா, பகீரதனா என்று வழக்கு இன்னும் ஓடுகிறது.

உன் படத்துக்கு அந்த நிலை வேண்டாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீ ஒன்றுமே சொல்லாவிட்டாலும் படம் உன்னுடையது. வெளியான பின் 60 ஆண்டுக்கு உன் அனுமதியின்றிப் பொதுவாக யாரும் எடுத்தாள முடியாது. ஆகவே ‘என் பெயரைச் சொல்லி யாரும் பயன்படுத்தலாம்’ என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை வெளிப்படையாகக் குறிப்பிடு. இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றினால் மூலக் கோப்பையே பிறர் இறக்கிக்கொள்ளலாம். விக்கிமீடியா காமன்ஸ் எம்பி4 கோப்பை ஏற்காது; வெப்எம் ஆக மாற்ற வேண்டும். ‘வணிகத்துக்குக் கூடாது’ என்ற நிபந்தனை போட்டாலும் அங்கே இடமில்லை.

படத்தோடு இடம், தேதி, எடுத்தவர் பெயர் எழுது. 2008-ல் தொடங்கிய பேட்.மா என்ற இந்தியக் காணொளிக் காப்பகத்தைப் பார். முடிந்த படங்களைவிட வெட்டாத காட்சிகளுக்கே அங்கே முதலிடம்; எந்த நொடியில் என்ன நடக்கிறது என்று கூடவே குறிப்பும் ஓடும்.

சினிமாப் பாட்டைச் சேர்க்காதே, அலைச் சத்தம் போதும். உளி பிடித்தவர் முகம் தெரிந்தால், படத்தை அவரிடம் காட்டி, சரி என்ற பிறகே ஏற்று. ஊர் சுற்றப் போன படத்தைத் திரும்பக் கூப்பிட முடியாது.

திருத்திய லூப்போடு வெட்டாத மூலத்தையும் சேர்த்துப் போடு. செங்கல்பட்டில் இன்னொரு பிள்ளை அதை எடுத்து வேறு இடத்தில் வெட்டிப் பார்க்கட்டும்.

அன்புடன்,
அக்கா