முதிரை அலுமாரியைத் தேய்க்கலாமா?

கேள்வி: பூட்டனார் காலத்து முதிரை அலுமாரி கறுத்துவிட்டது. முழுதும் தேய்த்துப் புது வார்னிஷ் அடிக்கலாமா? (வாசகர், கிளிநொச்சி)

பதில்: வேண்டாம். கறுப்பில் பெரும்பகுதி பொதுவாக அழுக்கும் விளக்குப் புகையும்தான், மரம் கெடவில்லை. வெளிர்மஞ்சள் முதிரை வெளிச்சமும் காற்றும் பட்டுப் பல ஆண்டுகளில் பொன்னிறமாகிறது. அந்த நிறம் மேற்பரப்பில் மட்டுமே இருப்பதால், தேய்த்தால் போய்விடும். முதிரைத் தூள் தோலில் அரிப்பையும் உண்டாக்கும். முதலில் ஈரம் பிழிந்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். பிறகு மறைவான மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். பூச்சு இளகி ஒட்டினால் அது பெரும்பாலும் அரக்குப் பொலிஷ். பழையதை உரிக்காமலே அதன்மேல் மெல்லிதாகப் புதுப்பிக்கலாம்.

“பூச்சி அரித்திருந்தால்?” என்று கேட்கலாம். பூச்சிக்கு மருந்திட்டு, உளுத்த துண்டை மட்டும் வெட்டி, அதே இன மரத்தால் ஒட்டுப்போடுவார் நல்ல தச்சர். அதற்காக முழு அலுமாரியையும் இழைக்கத் தேவையில்லை. “புதிதுபோல மினுங்காதே” என்பதும் உண்மைதான். ஆனால் 2009 வரை நீண்ட போரில் வன்னி மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தபோது, வீட்டுத் தளபாடங்களில் பெரும்பகுதி அழிந்துபோனது. எஞ்சிய ஒன்றின் கீறலும் குடும்பத்தின் சாட்சி. அதைத் துடைத்துக் காப்பாற்றுங்கள், தேய்த்து அழிக்காதீர்கள்.