ஆழம் கேட்ட மகளுக்கு



ஜீயபுரத்திலிருந்து பெரியப்பா எழுதுவது. பொங்கல் விடுமுறையில் நீயும் தோழிகளுமாகக் காற்றடைத்த கயாக் இரண்டைக் கொண்டுவந்து முக்கொம்புக்குக் கீழே இறக்கி, துடுப்புப் போட்டுக்கொண்டே நம்மூர்ப் பக்கம் வந்து, ஆற்றுத் திட்டில் கூடாரம் அடித்து, சாயங்காலம் நீந்தப்போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் என்று சொல்ல நான் உட்காரவில்லை. அதை உன் அப்பா சொல்லியாகிவிட்டது என்று தெரிகிறது. நீ என்னிடம் கேட்டது வேறு. எங்கே ஆழம், எங்கே இடுப்பளவு, எந்தத் துறையில் இறங்கலாம் என்று கையால் ஒரு படம் வரைந்து அனுப்பச் சொல்கிறாய். அந்தப் படத்தை அனுப்பப்போவதில்லை. கரையில் வேறு யாராவது வரைந்து கொடுத்தாலும் வாங்காதே. ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த காவிரி போன வருஷத்துக் காவிரி. என் வயதுக்காரர்கள் பலருக்குத் தெரிந்தது முப்பது வருஷத்துக்கு முந்தைய காவிரி. இரண்டுமே இன்றைக்கு ஓடவில்லை. பெரியவர்கள் சொன்னால் கேள் என்று உன்னிடம் எல்லாரும் சொல்வார்கள்; ஆற்றின் ஆழத்தைப் பற்றி மட்டும் கேட்காதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மணற்படுகை ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதற்கு முக்கொம்பின் கதையே போதும். அங்கே காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. அதனால் தண்ணீர் அந்தப் பக்கமே அதிகம் போய், காவிரிக் கிளை மணல்மேடிட்டுக்கொண்டு வந்தது. அதைச் சரிசெய்ய ஆர்தர் காட்டன் 1836-ல் கொள்ளிடத் தலைப்பில் மேலணை கட்டினார். சில வருஷத்திலேயே எதிர்த்தொல்லை வந்தது: காவிரிப் பக்கம் தண்ணீர் கூடி, படுகையை அரித்து ஆழமாக்கத் தொடங்கியது. 1840-களில் காவிரித் தலைப்பிலும் படுகை மட்டத்துக்கு ஒரு சுவர் போடவேண்டியதாயிற்று. அந்த மேலணையில்தான் 2018 ஆகஸ்டு 22 அன்று ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அதே வெள்ளத்தில் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் அடிமணல் போய்ச் சாய்ந்தன. 2024 ஆகஸ்டில் அதே கொள்ளிடத்தில் ஓர் உயர் மின்கோபுரம் விழுந்தது. பொறியாளர்கள் ஆழம் பார்த்து, கணக்குப் போட்டு, அஸ்திவாரம் இறக்கிய இடங்கள் இவை. அங்கேயே காலடி மணல் போகிறதென்றால், “இங்கே எப்பவும் முழங்கால் தண்ணிதான்” என்று டீக்கடையில் ஒருவர் சொல்லும் வார்த்தைக்கு என்ன மதிப்பு?

வெள்ளம் செய்வது பாதி. மீதியை நாம் செய்துவைத்திருக்கிறோம். 2003-ல் ஆற்றுமணலை அரசே எடுத்து விற்கத் தொடங்கியது. அதற்கு முன்னும் அள்ளினார்கள், திருட்டுத்தனமாக அள்ளுவதும் நிற்கவில்லை. மண் அள்ளும் இயந்திரம் தோண்டிய குழி, ஆறு தானாக உண்டாக்கும் மடுவைப் போன்றதல்ல. மடுவுக்குச் சரிவு உண்டு; கால் மெல்லத் தாழும், நீ உஷாராகிவிடலாம். குழியின் விளிம்போ செங்குத்து. இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கும்போது அடுத்த அடியில் தரை இருக்காது. திரும்பி விளிம்பில் கால் வைத்தால் அந்த மணலும் சரிந்து உன்னோடு சேர்ந்து உள்ளே வரும். ஏற முயலும் ஒவ்வொரு முறையும் கரை ஒரு முழம் பின்னால் போகும். மேலே தண்ணீர் மட்டமாக, அமைதியாக, மற்ற இடத்தைப் போலவே தெரியும். தண்ணீர் ஓடும்போது இந்தக் குழிகள் இருந்த இடத்திலும் இருப்பதில்லை. மேல்விளிம்பு அரித்து அரித்து, நீரோட்டத்துக்கு எதிராக மேற்கே நகரும். கோடையில் எல்லாம் வற்றியபின் குளம்போல் தேங்கி நிற்பதும் இவைதான். ஆறு ஓடவில்லையே, இனி என்ன பயம் என்று பிள்ளைகள் இறங்குவதும் அங்கேதான்.

ஆழம் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறதென்றால், நீர்மட்டம் காலைக்கும் மாலைக்கும் மாறும். வழக்கப்படி மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். ஆகவே நீ வரும் நாளில் பெரும்பாலும் திறந்துதான் இருக்கும். மேட்டூரிலிருந்து முக்கொம்பு ஏறக்குறைய 177 கிலோமீட்டர். அங்கே திறப்பைக் கூட்டினால் இங்கே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். பத்திரிகையில் நீர்வரத்துப் பத்தியைப் பார்த்தாலே முன்னறிவிப்புக் கிடைத்துவிடும். ஆனால் அதை மட்டும் நம்பினால் ஏமாறுவாய். கரூர்ப் பக்கம் அமராவதி வந்து சேர்கிறது, அது மேட்டூரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. மாயனூரில் ஒரு கதவணை இருக்கிறது. அதன் ஷட்டரை ஏற்றினால் சில மணி நேரத்தில் இங்கே மட்டம் ஏறும். காவிரிக்கு வேண்டியதற்கு மேல் வந்த தண்ணீரை முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுவார்கள். காலையில் வெறும் மணலாகக் கிடந்த கொள்ளிடம் ராத்திரி ஓடலாம். அதனால் கொள்ளிடத்து மணலில் கூடாரம் என்ற பேச்சே வேண்டாம். காவிரித் திட்டிலும் தண்ணீர் ஏறினால் நடந்தே கரைக்கு வர வழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் கூடாரம் அடிக்க வேண்டும். அப்படிப்பட்ட திட்டு அபூர்வம். கரைமேல் தூங்குவது மேல். நட்சத்திரம் அங்கிருந்தும் தெரியும்.

இதற்கு நீ என்ன சொல்வாய் என்று தெரியும்: நான் நீச்சல்குளத்தில் ஐம்பது சுற்று நீந்துகிறவள், போட்டியில் கலந்துகொண்டவள். நல்லது. பாரிஸில் 2024 ஒலிம்பிக்கில் சீனாவின் பான் ஜான்லே நூறு மீட்டரை 46.40 விநாடியில் நீந்தி உலக சாதனை செய்தார். விநாடிக்கு இரண்டு மீட்டரைக் கொஞ்சம் தாண்டுகிறது. மனிதனால் முடிந்தது அவ்வளவுதான், அதுவும் ஒரு நிமிஷத்துக்குள். நன்றாக நீந்துகிறவர்களுக்கு அதில் பாதி வரும். மதகுக்குக் கீழே, பாலத் தூண்களுக்கு நடுவே, ஆறு குறுகும் இடத்தில் தண்ணீர் பான் ஜான்லே வேகத்தில் ஓடுவது அதிசயமே இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் அது உன்னைத் தள்ளும் பலம் நாலு மடங்காகும். நம்மூருக்குக் கிழக்கே கம்பரசம்பேட்டைத் தடுப்பணை இருக்கிறது. தடுப்பணையின் உயரம் சின்னதாக இருக்கிறதே என்று ஏமாறாதே. சுவரைத் தாண்டி விழும் தண்ணீர் அடியில் உருண்டு மறுபடி சுவரை நோக்கியே திரும்பும். மேலே வந்தவரை மீண்டும் உள்ளே இழுக்கும். நுரையில் பாதி காற்று, உடம்பு மிதக்காது, துடுப்புக்கும் பிடி கிடைக்காது. எங்கே இறங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால், எந்த இடத்தோடு கயாக்கைக் கரையேற்றிவிடுவது என்று முடிவுசெய்துகொள். அது தடுப்பணைக்கு வெகு முன்னாலேயே இருக்கட்டும்.

அம்மா மண்டபத்தில் அன்றாடம் கிழவர்கள்கூடக் குளிக்கிறார்களே, ஆடிப்பெருக்குக்கு ஆயிரக்கணக்கில் இறங்குகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் நிற்பது கல் படிக்கட்டில். படி நகராது, கடைசிப் படிவரை எத்தனை என்று எண்ணிவிடலாம். படி முடிகிற இடத்தில் அவர்கள் அறிவும் முடிகிறது, அதனால்தான் வெள்ளக் காலத்தில் அங்கே தடுப்புக் கட்டுகிறார்கள். ஜீயபுரத்துக் கதையை மறந்துவிட்டாயா? பாட்டியின் பேரன் ரங்கன் சவரம் செய்துகொண்டு காவிரியில் முழுகப் போனான், வெள்ளம் அவனை ஸ்ரீரங்கம்வரை கொண்டுபோய்விட்டது, அரங்கனே ரங்கனாக வந்து பாட்டி கையால் பழையதும் மாவடுவும் சாப்பிட்டான் என்கிறது ஊர். அதற்காகத்தான் பங்குனியில் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் இங்கே எழுந்தருளுகிறார். பக்தியை ஒரு நிமிஷம் ஒதுக்கிவைத்துவிட்டுக் கதையைப் பார். போனவன் வெளியூர்க்காரன் இல்லை. தினமும் குளிக்கும் துறையில், நன்றாகத் தெரிந்த தண்ணீரில் போனான். நூற்றாண்டுகளாக நாம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். பெருமாள் வந்ததை நினைவு வைத்துக்கொண்டு, பையன் போனதை விட்டுவிட்டோம்.

கனடாவில் அல்கோன்குவின் பூங்கா ஏரிகளில் கனூவைக் கரையோரம் கட்டிவிட்டுப் பாறையிலிருந்து நீந்துகிறார்களே, வீடியோ பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஏரிகள் பனிப்பாறை குடைந்துவிட்டுப்போன கருங்கல் பள்ளங்கள். பத்தாயிரம் வருஷமாக அதே பாறை. போன வருஷம் ஒருவர் ஆழம் பார்த்துச் சொன்னால் இந்த வருஷமும் பெரும்பாலும் சரியாக இருக்கும். அவர்களுக்கு எமன் குளிர்தான். விழுந்த முதல் நிமிஷத்தில் மூச்சு திணறித் தண்ணீரைக் குடித்துவிடுவார்கள், பத்து நிமிஷத்தில் கை கால் சொன்னதைக் கேட்காது. நம் தண்ணீரில் அது இல்லை. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது துணிச்சலை அல்ல, பழக்கத்தை: மிதவைச் சட்டையை உட்கார மெத்தையாகப் போடாமல் உடம்பில் மாட்டிக்கொள்வது, தெரியாத தண்ணீரில் தலைகீழாகக் குதிக்காமல் இருப்பது.

ஆகவே படத்தை நீயே வரைந்துகொள். இரண்டு ஆள் உயர மூங்கில் ஒன்றைக் கயாக்கில் வைத்துக்கொண்டு, நீந்த நினைக்கும் இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் குத்திப் பார். நடுப்பகலில் பார், சாயங்காலம் வெளிச்சம் தண்ணீரில் சாய்ந்துவிட்டால் அடி தெரியாது, துடுப்புப் போட்ட தோளும் களைத்திருக்கும். நீ சாயங்காலம் என்று எழுதியதை மாற்றிவிடு. ஒருத்தி நீந்தும்போது இன்னொருத்தி கரையில் கயிறோடு நிற்கட்டும், செல்போன் பார்க்காமல். மூழ்குகிறவர்கள் சினிமாவில்போல் கத்துவதில்லை. வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும்போது மூச்சுக்கே நேரம் போதாது, கூப்பிட முடியாது. கை உயராது, தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும். ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அப்போது உடனே குதிக்காதே. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவது நம் பத்திரிகைகளில் ஓயாமல் வரும் செய்தி. கயிறு, மூங்கில், மூடி போட்ட காலித் தண்ணீர் கேன், துப்பட்டா, எது கிடைத்தாலும் வீசு.

இவ்வளவு ஆபத்து என்றால் போகவே விடாதீர்கள் என்று உன் அப்பா என்னோடு சண்டைக்கு வருவான். அவனுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இந்தியாவில் வருஷத்துக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல் தண்ணீரில் மூழ்கிச் சாகிறார்கள். கயாக் ஓட்டிச் செத்தவர்கள் அதில் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? கிணறு, குட்டை, வாய்க்கால், குழி என்று வீட்டுப்பக்கத் தண்ணீரில்தான் போகிறார்கள். பலருக்கு நீச்சலே தெரியாது, தெரிந்தவர்களுக்குத் தண்ணீரைப் பார்க்கத் தெரியாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சலும் மீட்பும் கற்றுக்கொடுங்கள் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தடுத்துவைத்தால் போதும் என்று சொல்லவில்லை. பெண்பிள்ளை என்பதால் கரையிலேயே நிறுத்திய வீடுகளில், அவள் தவறி விழுந்த நாளில் யாருக்கும் பதில் இருந்ததில்லை.

தேதி முடிவானதும் எழுது. நீர்வளத் துறை அலுவலகத்திலும் ஜீயபுரம் காவல் நிலையத்திலும் முன்கூட்டிக் கேட்டுக்கொள், கூடாது என்றால் கூடாதுதான். கயிறு இருபது மீட்டருக்குக் குறையாமல் வாங்கு. நைலான் வேண்டாம், மூழ்கிவிடும். பாலிபுரொப்பிலீன் என்று கேள், அது மிதக்கும். மூங்கில் இங்கே நான் பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா