தாளம் விற்கும் இளைஞர்கள்

பண்டைக் காலப் பாணர்கள் யாழைச் சுமந்து ஊர் ஊராகச் சென்று பரிசில் பெற்றனர். இன்றைய இசையமைப்பாளரோ வீட்டில் இருந்தபடியே இணையத்தின் வழியாக உலகெங்கும் தம் இசையை விற்கிறார். ஹிப் ஹாப் பாடல்களுக்குரிய ‘பீட்’ வணிகம் அத்தகையதே. பாடல் வரிகள் சேராத தாளமும் பின்னணி இசையுமே பீட் எனப்படும்.

விற்பனை முறை

இசையமைப்பாளர் முதலில் பீட்டை யூடியூபில் வெளியிடுவார். புகழ்பெற்ற பாடகர் ஒருவரின் பெயரோடு ‘டைப் பீட்’ என்று தலைப்பிடுவது வழக்கம். அப்பாடகரின் பாணியைத் தேடுவோர் கண்ணில் அது எளிதில் படும். திருட்டைத் தடுக்க, இசையினிடையே தம் பெயரை ஒலிக்கச் செய்வார். விலை கொடுத்தவருக்குப் பெயர் ஒலிக்காத பிரதி, ‘பீட்ஸ்டார்ஸ்’ போன்ற தளங்களின் வழியே கிடைக்கும்.

குத்தகையும் கிரயமும்

உரிமம் இருவகைப்படும். முதலாவது குத்தகை போன்றது. விலை குறைவு, பயன்பாட்டுக்கு வரம்பு உண்டு. நிலத்தை ஒரு போகத்தில் ஒருவருக்கே குத்தகைக்கு விடலாம். பீட்டையோ நூறு பேருக்கு விடலாம். தலைக்கு 30 டாலர் என்றால் 3,000 டாலர் கிடைக்கும். இரண்டாவது கிரயம் போன்ற தனியுரிமை. அதன்பின் அந்த பீட்டைப் பிறருக்குப் புதிதாக விற்க இயலாது.

2018-இல் அமெரிக்கப் பாடகர் லில் நாஸ் எக்ஸ், நெதர்லாந்து இளைஞர் யங்கியோவின் பீட்டை 30 டாலருக்கு வாங்கினார். அதில் உருவான ‘ஓல்ட் டவுன் ரோட்’ 2019-இல் பில்போர்ட் பட்டியலில் 19 வாரங்கள் முதலிடம் வகித்தது. அந்த பீட்டில் நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழுவின் 2008-ஆம் ஆண்டு இசைத்துண்டு இருந்ததால், அக்குழுவினரும் பாடலின் படைப்பாளிகளாகச் சேர்க்கப்பட்டனர்.

நாம் அறிய வேண்டியது

திண்டிவனத்திலிருந்து நாள்தோறும் விழுப்புரம் வரும் என் நண்பன், ‘இலவசம்’ என்றிருந்த பீட் ஒன்றில் தன் தாயின் வயல் உழைப்பைப் பாடி, வருவாய் கருதி வெளியிட்டான். உரிமையாளர் முறையிட, பாடல் நீக்கப்பட்டது. வருவாய் நோக்கம் இல்லாதவருக்கே இலவசம் என்று கீழே எழுதியிருந்ததை அவன் படிக்கவில்லை. குற்றம் பீட்டில் இல்லை, படிக்காமையில்தான்.

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உரிமை மாற்றம் கையொப்பமிட்ட எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. காலம் குறிக்கப்படாவிடில் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிக்கப்படாவிடில் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும்.

பத்திரத்தைப் படிக்காமல் காணி வாங்குவார் உண்டோ? தாளமும் ஒரு காணியே. விற்பவரும் வாங்குபவரும் உரிமத்தைப் படித்தறிந்தால், நம் ஊர்த் தாளமும் கடல் கடந்து விலை பெறும். அதன் பயன் உழைத்தவரையே சேரும்.